ஊசி பிடித்த கையும் அறிவியல் செய்த கைதான்

மாணவர்களே, முதலில் ஒரு கேள்வி. வெளியே மைனஸ் 35 டிகிரி செல்சியஸ். உறைந்துபோன கடலின்மேல் நீங்கள் மூன்று மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். என்ன உடுத்திக்கொள்வீர்கள்?

"இருப்பதிலேயே தடித்த சட்டையை" என்பதுதான் நம்மில் பலருக்குச் சட்டென்று தோன்றும் பதில். கேமரன் மலையின் இரவுக் குளிருக்கும், குளிரூட்டியை முழுவேகத்தில் வைத்திருக்கும் விரைவுப் பேருந்துக்கும் அந்தப் பதில் போதும். ஆர்க்டிக் பனிவெளியில் அதே பதில் ஆளைக் கொன்றுவிடக்கூடும்.

அங்கே காலங்காலமாக வேட்டையாடி வாழ்ந்தவர்கள் இனுயிட் மக்கள். கனடாவின் வடகோடி, அலாஸ்கா, கிரீன்லாந்து ஆகிய பகுதிகள் அவர்களுடைய தாயகம். அவர்களுடைய தோலாடைகளை அருங்காட்சியகங்களில் "பழங்குடியினர் உடை" என்ற பலகையின் கீழ் வைத்திருப்பார்கள். பார்ப்பவர்கள் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த ஆடையை அறிவியல் பாடத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், ஆவியாதல் ஆகிய மூன்றையும் ஒரே பொருளில் காட்டுவதற்கு அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஏன் என்று பார்ப்போம்.

வேட்டைக்காரரின் இரட்டைச் சிக்கல்

குளிரில் வேட்டையாடுபவருக்கு ஒரு விசித்திரமான சிக்கல் உண்டு. காலையில் அவர் பனியில் பல கிலோமீட்டர் நடக்கிறார், சறுக்குவண்டியைத் தள்ளுகிறார். அப்போது அவர் உடல் ஓர் அடுப்பு. ஓய்வில் இருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. கடுமையாக உழைக்கும்போது அது 500 வாட்டையும் தாண்டும்.

பிறகு அவர் ஓரிடத்தில் நிற்கிறார். சீல் என்னும் கடல்விலங்கு மூச்சு விடுவதற்காகக் கடற்பனியில் துளைகளை வைத்திருக்கும். எந்தத் துளைக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வேட்டைக்காரர் ஒரு துளையின் அருகே குனிந்தபடி, கையில் எறியீட்டியுடன் மணிக்கணக்கில் காத்திருப்பார். காலை மாற்றி வைத்தாலே பனி நொறுங்கும் ஓசை கீழே நீருக்குள் கேட்டுவிடும். அதனால் காலுக்கடியில் ஒரு தோல்துண்டை விரித்து அதன்மேல் நிற்பார். இப்போது அடுப்பு தணிந்துவிட்டது. 500 வாட் இருந்த இடத்தில் 100 வாட்தான் இருக்கிறது.

ஒரே நாளில், ஒரே ஆடையில், இந்த இரண்டு நிலைகளையும் சமாளிக்க வேண்டும். நிற்பதற்கு ஏற்ற தடிப்போடு நடந்தால் வியர்த்துக் கொட்டும். நடப்பதற்கு ஏற்ற மெல்லிய ஆடையோடு நின்றால் உறைந்துபோவார். தடித்த ஒற்றைச் சட்டை இந்தத் தேர்வில் தோற்பது இங்கேதான்.

காக்கும் காற்று, கொல்லும் ஈரம்

ஆடை நமக்கு வெப்பம் தருவதில்லை. வெப்பத்தைத் தருவது நம் உடல். ஆடை அந்த வெப்பம் ஓடிப்போகாமல் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். அந்த வேலையையும் துணி தனியாகச் செய்வதில்லை. துணியின் இழைகளுக்கு நடுவே சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுதான் பெரும்பகுதியைச் செய்கிறது. அசையாத காற்று மிக மோசமான வெப்பக் கடத்தி. குளிருக்கான ஆடை என்பது காற்றை அசையவிடாமல் பிடித்து வைக்கும் ஒரு பொறி.

அந்தப் பொறியை இரண்டு எதிரிகள் உடைக்கும்.

ஒன்று, பனிக்காற்று. அது உள்ளே சிக்கியிருக்கும் வெப்பக் காற்றை அடித்துக்கொண்டு போய்விடும். மைனஸ் 30 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், கனடாவின் வானிலைச் சூத்திரப்படி வெறும் தோலுக்கு அது மைனஸ் 46 டிகிரி போல இருக்கும்.

இன்னொன்று, ஈரம். நீர் அசையாத காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். வியர்வை உங்கள் ஆடையில் ஊறினால், காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. அதோடு முடியவில்லை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாவதற்கு ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பம் தேவை. இதை 100 வாட்டால் வகுத்துப் பாருங்கள். ஓய்வில் இருக்கும் உடல் ஆறரை மணி நேரத்துக்கு மேல் உண்டாக்கும் மொத்த வெப்பம் அது! நடந்தபோது தேவையில்லாமல் சிந்திய வியர்வைக்கு, நிற்கும்போது வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அதனால்தான் குளிர்நாட்டு வேட்டைக்காரர்கள் வியர்வைக்குப் பயப்படுகிறார்கள். வட அமெரிக்காவில் அவர்கள் அடிக்கடி சொல்லும் எச்சரிக்கை, "பருத்தி ஆளைக் கொல்லும்" என்பது. நம் வெப்பத்துக்குப் பருத்தி அருமையான துணி. வியர்வையை உறிஞ்சி, மெல்ல ஆவியாகவிட்டு நம்மைக் குளிர்விக்கிறது. ஆர்க்டிக்கில் அதே குணம்தான் ஆபத்து.

ஓர் அங்கியைப் பிரித்துப் பார்ப்போம்

இப்போது இனுயிட் வேட்டைக்காரரின் குளிர்கால ஆடைக்கு வருவோம். அது கரிபு எனப்படும் பனிமானின் தோலால் ஆனது. இரண்டு அடுக்குகள். உள்ளங்கியில் மயிர் உடலை நோக்கி இருக்கும். வெளியங்கியில் மயிர் வெளியே பார்த்திருக்கும். இரண்டு தோல்களும் நடுவில் முதுகோடு முதுகாக நிற்கும். கவனியுங்கள்: உடலை ஒட்டி ஒரு காற்றுப் படலம், இரு தோல்களுக்கும் நடுவே ஒன்று, வெளிமயிரில் இன்னொன்று. நடுவில் இருக்கும் தோல் காற்றைத் தடுக்கும் சுவர்.

கரிபுவின் மயிரே ஓர் அதிசயம். அதன் உள்ளே காற்று நிரம்பிய நுண்ணறைகள் உள்ளன. மயிர்களுக்கு நடுவேயும் காற்று, மயிருக்குள்ளும் காற்று. அதனால் ஆடை இலேசாக இருந்துகொண்டே அதிகம் காக்கிறது. எந்தப் பருவத்துத் தோல் எதற்கு ஆகும் என்பதிலும் கணக்கு உண்டு. கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்கும் நேரத்துத் தோல்தான் ஆடைக்கு ஏற்றது. அதற்கு முன் மயிர் போதாது. குளிர்காலம் முற்றியபின் மயிர் மிகத் தடித்துவிடும். ஆடைக்கு ஒத்துவராது, படுக்கை விரிப்புக்கு ஆகும்.

அங்கியின் முன்பக்கத்தில் பொத்தானும் இல்லை, பிளவும் இல்லை. தலைவழியாகத்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். திறப்பு இல்லையென்றால் காற்று நுழைய வழியும் இல்லை. ஆனால் கீழே இடுப்புப் பக்கம் தளர்வாகத் திறந்திருக்கிறதே, வெப்பம் போய்விடாதா? போகாது. வெப்பக் காற்று மேலே எழும்; அது கீழ்வாய் வழியாக இறங்கி ஓடாது. நடக்கும்போது உடல் சூடேறினால் தலைமூடியைப் பின்னுக்குத் தள்ளினால் போதும். கழுத்து வழியாக வெப்பமும் ஈரமும் வெளியேறிவிடும். நிற்கும்போது தலைமூடியை இழுத்து மூடினால் கதவு அடைபட்டுவிடும். நீங்கள் பாடத்தில் படிக்கும் வெப்பச் சலனம் இதுதான். உடல் வேலை மிகும்போது உள்ளங்கி மட்டும், காத்திருக்கும்போது இரண்டும். அடுக்கு என்பதன் பொருள் இதுவே. ஆடையைக் கூட்டவும் குறைக்கவும் முடிய வேண்டும்.

முகத்தைச் சுற்றி நீண்ட மயிர் விளிம்பு இருக்கும். அழகுக்கு மட்டும் வைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு ஓநாய், வுல்வரின் ஆகிய விலங்குகளின் மயிரைத் தேர்ந்தெடுப்பார்கள். மூச்சின் ஈரம் அதில் உறைபனியாகப் படிந்தாலும், கையால் தட்டினால் எளிதில் உதிர்ந்துவிடும். இந்த விளிம்புகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்த ஆய்வு ஒன்று 2004இல் வெளிவந்தது. பலவகை விளிம்புகளுள், சூரியக் கதிர்போல விரிந்து நிற்கும் மரபு வடிவமே முகத்தின் வெப்ப இழப்பை மிகுதியாகக் குறைத்தது.

தையலைப் பாருங்கள். இதைச் செய்தவர்கள் பெண்கள். ஈரம் படும் காலணிக்குச் சீல் தோல். தையல் போடும்போது ஊசி தோலின் மறுபக்கம் வரை போகாமல் பாதித் தடிப்பிலேயே திரும்பிவிடும். நீர் நுழையத் துளையே இருக்காது. நூலுக்குப் பதில் விலங்கின் தசைநார். அது ஈரம் பட்டால் உப்பி, ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும். ஒரு தையல் விட்டுப்போனால் கணவரோ மகனோ கால்விரலை இழக்கலாம், திரும்பி வராமலே போகலாம். பொறியாளர்கள் இதைப் "பிழைக்கு இடமில்லாத வடிவமைப்பு" என்பார்கள்.

கடைசியாக, பராமரிப்பு. வெளியிலிருந்து வந்தவுடன் அங்கியைக் குச்சியால் தட்டி உறைபனியை முழுக்க உதிர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார்கள். அந்தப் பனி வீட்டுச் சூட்டில் உருகினால் தோல் நனையும். மறுநாள் அது பனிக்கட்டிச் சட்டை ஆகிவிடும். திடநிலையில் இருக்கும்போதே ஈரத்தை அகற்று என்பது எவ்வளவு எளிய, எவ்வளவு கூர்மையான விதி!

கடையில் விற்கும் மூன்று அடுக்கு

இன்றைய குளிர்கால ஆடைக் கடைகளில் சொல்லும் பாடமும் இதேதான். உடலை ஒட்டிக் கம்பளி நூல் அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை. அது வியர்வையைத் தோலிலிருந்து விலக்கும். நடுவில் ஃபிளீஸ் அல்லது வாத்தின் மென்சிறகு நிரப்பிய சட்டை. அது காற்றைப் பிடிக்கும். வெளியே காற்றுத் தடுப்புத் துணி. இன்றைய வேட்டைக்காரர்கள் தடித்த சட்டையை முதுகுப்பையில் வைத்துக்கொண்டு, இலேசாகக் குளிரும் அளவுக்குத்தான் உடுத்தி நடக்கிறார்கள். காத்திருக்கும் இடத்துக்குப் போனபின் அதைப் போட்டுக்கொள்கிறார்கள். நைலான் துணி சரசரக்கும் என்பதால், ஓசை எழாத துணியைத் தேடுகிறார்கள்.

டிசம்பர் விடுமுறையில் கொரியாவுக்கோ ஜப்பானுக்கோ போகப்போகும் மாணவர்கள் இதில் ஒன்றை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள். இறுக்கமான காலணிக்குள் மூன்று காலுறைகளைத் திணிக்காதீர்கள். காற்றுக்கும் இடமிருக்காது, இரத்த ஓட்டமும் தடைப்படும். கால் முன்னைவிடக் குளிரும். கைக்கு, விரல்கள் ஒன்றாக இருக்கும் பை போன்ற உறையே மேல். விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கும். காற்றுக்குக் காட்டும் பரப்பும் குறையும்.

இன்னொரு செய்தி. கடையில் "அனோராக்" என்று எழுதி விற்கிறார்களே, அந்தச் சொல் கிரீன்லாந்து இனுயிட் மொழியிலிருந்து வந்தது. "பார்கா" என்பதும் வடதுருவ மக்களின் மொழிகள் வழியாக வந்த சொல்தான். சொல்லையும் வடிவத்தையும் உலகம் எடுத்துக்கொண்டது. கண்டுபிடித்தவர்களின் பெயர் மட்டும் பாடநூலில் ஏறவில்லை.

கேட்டவர்களும் கேட்காதவர்களும்

இது வெறும் மரியாதைப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். உயிர்கள் போயிருக்கின்றன. 1845இல் சர் ஜான் ஃபிராங்க்ளின் தலைமையில் இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் ஆர்க்டிக் கடல்வழியைத் தேடிப் புறப்பட்டன. பனிக்குள் போன 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. 1854இல் ஜான் ரே என்ற மருத்துவர், இனுயிட் மக்கள் தம்மிடம் சொன்ன செய்தியைக் கொண்டுவந்தார். அந்த மாலுமிகள் பசியால் இறந்தார்கள், கடைசியில் மனித இறைச்சியைத் தின்னும் நிலைக்கு வந்தார்கள் என்பதே அது. லண்டனில் பலர் நம்ப மறுத்தார்கள். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் அதை மறுத்துப் பத்திரிகையில் எழுதினார். பின்னாளில் கிடைத்த எலும்புகளில் கத்திக் கீறல்கள் இருந்தன. ஃபிராங்க்ளினின் "எரிபஸ்" கப்பல் 2014இல் கண்டெடுக்கப்பட்டபோது, அது இனுயிட் வாய்மொழிச் செய்திகள் சுட்டிய பகுதியில்தான் கிடந்தது.

இதற்கு நேர்மாறாக நடந்தவர் நார்வேயின் ரோல்ட் அமுண்ட்சென். 1903 முதல் 1905 வரை அவருடைய சிறு கப்பல் ஆர்க்டிக்கில் நங்கூரமிட்டிருந்தது. அந்த இரண்டு குளிர்காலங்களிலும் அவர் நெட்சிலிக் இனுயிட் மக்களிடம் மாணவராக இருந்தார். அவர்கள் எப்படி உடுத்துகிறார்கள், நாய் வண்டியை எப்படி ஓட்டுகிறார்கள் என்று கற்றுக்கொண்டார். 1911 டிசம்பர் 14இல் தென்துருவத்தை முதலில் அடைந்தது அவர் குழுதான். ஐவரும் நலமாகத் திரும்பினார்கள். ஒரு மாதம் கழித்து அங்கே போய்ச் சேர்ந்த பிரிட்டனின் ராபர்ட் ஃபால்கன் ஸ்காட்டும் அவருடைய நான்கு தோழர்களும் திரும்பும் வழியில் இறந்தனர்.

ஸ்காட் இறந்ததற்கு ஆடைதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். உணவு, எரிபொருள், நோய், வானிலை எனப் பல காரணங்கள் உண்டு. அவர் குழுவினர் வண்டியைத் தாங்களே இழுத்தார்கள்; அந்த உழைப்புக்குத் தோலாடை அதிகச் சூடாகக்கூட இருந்திருக்கும். ஆனால் அமுண்ட்சென் ஒன்றைச் செய்தார்: ஏற்கெனவே விடை கண்டவர்களிடம் போய்க் கேட்டார். அறிவியல் மனப்பான்மை என்பதில் பாதி அதுதான்.

நீங்கள் மறுத்துக் கேட்கலாம்

"விலங்குகளைக் கொன்று தோலை உடுத்துவதையா புகழ்கிறீர்கள்?" நியாயமான கேள்வி. மரம் வளராத, பயிர் விளையாத நிலத்தில் இறைச்சிதான் உணவு. அதே விலங்கின் தோல்தான் உடை, நரம்புதான் நூல். நகரத்தில் பகட்டுக்காக அணியும் மயிர்ச் சட்டையையும் இதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. நமக்கு அந்த ஆடை தேவையில்லை. அதன் அறிவு தேவை.

"அப்படியென்றால் முன்னோர் சொன்னது எல்லாமே அறிவியலா?" இதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. ஏனென்றால் நம் வாட்ஸ்ஆப் குழுக்களில் "முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல" என்று தொடங்கி ஆதாரமே இல்லாத செய்திகள் நாள்தோறும் வருகின்றன. இல்லை, எல்லாம் அறிவியல் ஆகாது. இனுயிட் ஆடையை நான் மதிப்பது அது பழையது என்பதற்காக இல்லை. அது சோதிக்கப்பட்டது. ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு தேர்வு. தவறான தையலும் தவறான தோலும் அன்றைக்கே தோற்றன. தேறியது மட்டும் மகளுக்குக் கற்றுத்தரப்பட்டது. இன்றைய ஆய்வுக்கூடத்தில் சோதித்தாலும் அது தேறுகிறது. பழமொழியாக வந்தாலும் பாடநூலில் வந்தாலும், "இதை எப்படிச் சோதித்தார்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தால் மதியுங்கள்.

அப்படித் தேறிய அறிவு நம் நாட்டிலும் இருக்கிறது. ஈப்போ நகருக்குப் பெயர் தந்த ஈப்போ மரத்தின் நச்சுப்பாலை ஊதுகுழல் அம்பில் தடவி வேட்டையாடியவர்கள் ஒராங் அஸ்லி மக்கள். எந்த மரம், எப்படிக் காய்ச்சுவது, எவ்வளவு தடவுவது என்பதெல்லாம் வேதியியல்தானே?

காலம் குறைவாக இருக்கிறது

ஆர்க்டிக், உலக சராசரியைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பமடைகிறது. கடற்பனி மெலிகிறது; சீல் துளையருகே நின்ற இடத்தில் இன்று நிற்பதே ஆபத்து. கனடாவின் பாதர்ஸ்ட் கரிபு மந்தை 1980களின் நடுவில் 4 லட்சத்துக்கும் மேல் இருந்தது. 2018இல் மிஞ்சியது ஏறத்தாழ 8,000. வேட்டைக்குக் கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. தோல் இல்லையென்றால் தையல் பழகவும் வழியில்லை. ஒரு தலைமுறை ஊசியைக் கீழே வைத்துவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அருங்காட்சியகக் கண்ணாடிதான் மிச்சம்.

அதனால் என் வேண்டுகோள் இரண்டு. ஆசிரியர்களே, வெப்பம் பற்றிய பாடத்தை நடத்தும்போது வெந்நீர்க் குடுவையோடு இந்த அங்கியையும் எடுத்துக்காட்டாகச் சொல்லுங்கள். அதைத் தைத்த பெண்களைப் பொறியாளர்கள் என்றே சொல்லுங்கள். மாணவர்களே, நீங்கள் என்னையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரே அளவுள்ள மூன்று போத்தல்களில் வெதுவெதுப்பான நீரை ஒரே அளவு ஊற்றுங்கள். ஒன்றுக்குக் காய்ந்த காலுறை. இன்னொன்றுக்கு ஈரமான காலுறை. மூன்றாவதற்குக் காய்ந்த காலுறையும் அதன்மேல் தளர்வாக ஒரு நெகிழிப் பையும். மேசை விசிறியை அவற்றின்மேல் ஓடவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியால் அளந்து, அரை மணி நேரம் குறித்து வாருங்கள். வரைபடம் போடுங்கள்.

எந்தக் கோடு வேகமாகக் கீழே இறங்குகிறது என்று பாருங்கள். பனிக்கடலில் நின்ற ஒருவர் தம் உயிரைப் பணயம் வைத்துக் கற்றது, உங்கள் மேசைமேல் அரை மணியில் தெரியும்.